மழைக்கும் பனிக்கும் பழைய கார்: வாங்கும்போது செய்யும் தவறுகள்

மதுரையில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் எந்த நேரத்தில் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி வாக்கில். பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடை வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகள் வெயிலில் பளபளவென்று மின்னும். டயருக்குக் கறுப்புப் பூச்சு, டேஷ்போர்டுக்கு எண்ணெய்ப் பூச்சு. ஏசியைப் போட்டால் ஜில்லென்று வரும். பைபாஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்த் திரும்பினால் அட்வான்ஸ் கைமாறிவிடும்.

சரி, அந்த வண்டியை எங்கே, எப்போது ஓட்டப்போகிறோம்? நான் காளவாசலில் இருந்து ஆண்டிபட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறவன். நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி, உசிலம்பட்டி, அப்புறம் கணவாய். போக வர சுமார் 120 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தையில் பனி. காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் செக்கானூரணி வரை இருட்டுதான்.

மார்கழியிலும் மதுரையில் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். காலையில் இன்ஜின் உறைந்து போகுமோ என்ற வடநாட்டுக் கவலை நமக்கு வேண்டாம். நமக்குத் தொல்லை தண்ணீரும் இருட்டும்தான். அந்த இரண்டையும் காட்டாத நேரத்தில் போய் வண்டியைப் பார்ப்பதுதான் முதல் தவறு, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள் என்பது என் கட்சி.

தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் வாங்குவது

என் முதல் காரை வாங்கியது சித்திரையில். ஐப்பசி வரை ஒரு குறை சொல்ல முடியாது. முதல் அடைமழை நாளில் உசிலம்பட்டி பக்கம் ஒரு பிரேக் போட்டேன். இடது பக்கக் காலடியில் தண்ணீர் சளக்கென்று முன்னால் ஓடி வந்தது. கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இருந்த பஞ்சு ஊறி, இட்லி மாவு மாதிரி பொதபொதவென்று கிடக்கிறது.

மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினார். கைப்பிடி கைப்பிடியாக மக்கிய வேப்பிலை. "எந்த வேப்பமரத்தடியில நின்ன வண்டியோ தம்பி, உள்ள ஒரு குப்பைக் கிடங்கே இருக்கு" என்றார். முன் கண்ணாடியில் வடியும் தண்ணீர் வெளியேற அங்கே வடிகால் ஓட்டைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால், ஏசிக்குக் காற்று போகும் வழியாகத் தண்ணீர் காருக்குள் இறங்கிவிடும். சுத்தம் செய்யப் பத்து நிமிடம்தான் ஆனது. ஆனால் கார்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் கனெக்டர்கள் அதற்குள் பச்சை பூத்துவிட்டன. அந்த வருஷம் முழுக்க ஒரு நாள் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, மறுநாள் பின் விளக்கு எரியாது.

அதில் இருந்து எனக்கு ஒரு வழக்கம். வண்டி பிடித்துப்போனால், பேரம் பேசுவதற்கு முன் பக்கத்தில் உள்ள வாட்டர் வாஷ் கடைக்கு ஓட்டிப்போவேன். செலவு என்னுடையது. கூரை, கதவு ஓரம், முன் கண்ணாடியின் அடிப்பக்கம் என்று தண்ணீரை அடிக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன். பிறகு மேட்டுக்கு அடியில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளத்தில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன். சன்ரூஃப் உள்ள வண்டியென்றால் இதை விடவே கூடாது. அதன் நான்கு மூலைகளில் இருந்தும் இறங்கும் மெல்லிய குழாய்களும் இதே குப்பையால் அடைத்துக்கொள்ளும். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி என்றால் நம் ஆட்கள் சென்னை எண்ணை மட்டும்தான் சந்தேகப்படுகிறார்கள். 2015 டிசம்பர் அப்படிப் பதிந்துவிட்டது. ஆனால் 2023 டிசம்பர் நடுவில் தூத்துக்குடி, திருநெல்வேலியை மழை புரட்டிப் போட்டபோது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் ஊரிலேயே 2024 அக்டோபர் கடைசியில் செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கேரளாவில் 2018 ஆகஸ்ட். எனவே நம்பர் பிளேட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை, அதன் அடிமுனை தெரியும் வரை வெளியே இழுங்கள். மூழ்கிய வண்டியில் அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும். வெளியே தெரியும் பகுதியைத் துவைப்பவர்கள் அதுவரை போவதில்லை. முன் சீட்டைப் பின்னால் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், துரு இருக்கிறதா என்று. காருக்குள் மல்லிகை சென்ட் கும்மென்று அடித்தால், ஏன் இத்தனை சென்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மழையில் முன் கண்ணாடி புகைமூட்டமாவது

மழையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் உள்பக்கம் ஆவி படியும். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் கலைந்துவிடும். இதில் சோதிக்க வேண்டியது ஏசி குளிர்கிறதா என்பது மட்டும் இல்லை. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் குமிழ் உண்மையிலேயே திருப்புகிறதா? வெளிக்காற்றுக்கு மாற்றும் நெம்புகோல் நகர்கிறதா? மதுரைப் புழுதிக்குப் பயந்து வருஷக்கணக்கில் உள்காற்றிலேயே வைத்து ஓட்டுகிறவர்கள் அதிகம். அப்படி ஒரே இடத்தில் கிடந்த, காற்று வழியைத் திறந்து மூடும் உள்கதவு, நமக்கு வேண்டிய நேரத்தில் அசையாது. இரண்டையும் திருப்பி, காற்று வரும் ஓசை மாறுகிறதா என்று கேளுங்கள்.

இதோடு சேர்ந்தது வேரியன்ட் விஷயம். ஒரே மாடல், ஒரே வருஷம், முப்பதாயிரம் குறைவு என்று அடிமட்ட வேரியன்டைத் தூக்கி வருவது. நகருக்குள் ஓட்டுபவருக்கு அது லாபம்தான். நமக்குப் பின் வைப்பரும், பின் கண்ணாடியைச் சூடாக்கி ஆவியை விரட்டும் டிஃபாகரும் வேண்டும். கீழ் வேரியன்ட்களில் முதலில் வெட்டுப்படுவது இவைதான். டிக்கி துருத்தி நிற்காத ஹேட்ச்பேக் வகையில் பின் கண்ணாடி சேற்றுத் தெறிப்பில் ஒரே மணி நேரத்தில் குருடாகிவிடும். பெரிய தொடுதிரையை எந்த ஆக்சஸரி கடையிலும் பிறகு மாட்டிக்கொள்ளலாம். டிஃபாகர் கோடு போட்ட கண்ணாடியை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது.

விளக்கைப் பகலில் பார்ப்பது

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் சாலையில் விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் குமுளி நோக்கிப் பறக்கும். தைப்பூசம் நெருங்கினால் பழனி போகும் எல்லாச் சாலைகளிலும் பாதயாத்திரைக் கூட்டம், ஓரத்தில் வெறுங்காலோடு, பச்சையும் காவியுமாக. இதற்கு நடுவே பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாத டிராக்டர் டிரெய்லர், கரும்போடு. தூரத்திலேயே பார்த்தால் மனிதர் தப்பிப்பார், கிட்டே வந்து பார்த்தால் பிரேக் பிடித்தும் பிரயோசனம் இல்லை.

நம் வெயில் ஹெட்லைட் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும். பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி காட்டுவார்கள். மேல்பூச்சு போனது போனதுதான், சில மாதங்களில் மறுபடி மங்கும். உள்ளே நீர்த்துளி கோத்திருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் அந்த மூலையில் அடி வாங்கிய வண்டி. வெளியே வாங்கி மாட்டிய நீல வெள்ளை விளக்கு இருந்தால் எனக்கு வண்டியின் மீதே சந்தேகம் வந்துவிடும்: ஈரத் தாரில் அந்த வெளிச்சம் விழுந்த இடம் தெரியாது, எதிரே வருபவர் கண்ணைக் கூசும், வயரை எங்கே வெட்டி ஒட்டினார்களோ அதுவும் தெரியாது.

இரவு ஏழரைக்கு மேல் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஒரு சுவருக்கு எதிரே இருபதடி தள்ளி நிறுத்தி, இரண்டு விளக்கும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஹெட்லைட், வைப்பர், ஏசி, டிஃபாகர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐடிலில் விடுங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரியோ, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரோ சொத்தை. மெக்கானிக்கிடம் மீட்டர் இருந்தால், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

"டாக்டர் வண்டி சார், ஓடவே இல்லை"

எட்டு வருஷ வண்டி, இருபதாயிரம் கிலோமீட்டர். மீட்டரைத் திருப்பியிருந்தால் ஸ்டியரிங்கின் வழவழப்பும் பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானமும் காட்டிக்கொடுத்துவிடும். நான் சொல்ல வருவது, அது உண்மையாகவே இருபதாயிரம்தான் ஓடியது என்றால் என்ன என்பது. நம் வெயிலில் நின்றே கழிந்த ரப்பர் எல்லாம் கட்டை தட்டியிருக்கும். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம், ஆழமாகவே இருக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 3618 என்றால் 2018ஆம் ஆண்டின் 36ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டி, விரிசல் கோடு விட்டிருந்தால், நான்கு டயரின் விலையைக் கழித்துக்கொண்டே பேரத்தைத் தொடங்குங்கள். ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு இறங்கினால் டயரே முடிந்தது என்பது கணக்கு. பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் அதைக் காட்டத்தான். மழைச் சாலைக்கு அதுவரை இழுக்காதீர்கள்.

ஒழுங்காக சர்வீஸ் பில்லோடு எழுபதாயிரம் ஓடிய வண்டியை நான் தயங்காமல் எடுப்பேன், வெள்ளை போர்டுக்கு மாற்றிய பழைய டாக்சியாக இல்லாத வரை. நம் ஓட்டத்தையும் எண்ணிப் பாருங்கள்: தினம் 120, மாதம் 22 நாள், வருஷத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேல். பத்தாயிரத்துக்கு ஒரு சர்வீஸ் என்றால் நான்கு மாதத்துக்கு ஒன்று. போகும் வழியில் சர்வீஸ் சென்டர் இல்லாத கம்பெனி வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் லீவு போட்டுத்தான் காட்ட வேண்டிவரும்.

திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏபிஎஸ். ஈரச் சாலைக்கு அது இல்லாத வண்டி வேண்டாம். 2019 ஏப்ரலில் இருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது. அதற்கு முந்திய வண்டியில் மேல் வேரியன்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் இரண்டும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது இன்னும் மோசம், கோளாறை மறைக்க யாரோ விளக்கைச் செத்துப்போகச் செய்திருக்கிறார்கள்.

பேப்பர்

பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். "லோன் எல்லாம் முடிஞ்சது சார்" என்பது பேச்சு. பேங்க் தரும் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35ம்தான் சாட்சி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. போடி, குமுளி வழியாக வரும் கேஎல் (கேரளா) எண் வண்டி விலை குறைவாகத் தெரியும், அங்கிருந்து என்ஓசி வாங்கி இங்கே வரி கட்டி முடிக்கும்போது அந்தக் குறைவு கரைந்திருக்கும். 58, 59, 64 எல்லாம் நம் மதுரை எண்கள்; நேரில் போய் விசாரிக்க முடியும் என்பது ஒரு வசதி.

வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பெயர் மாற்றக் கேளுங்கள். அப்போதே இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது. அப்படி நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல் இறங்கித் தள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் தொட்டார். இன்ஜின் பிரித்துக் கட்டிய செலவில் அவர் இன்னொரு பழைய கார் வாங்கியிருக்கலாம்.