வெர்டிக்கல் ஆன்டெனா நடுமுன் நாய், பூனையையும் கொஞ்சம் யோசியுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தை, தெகிவளைப் பக்கம் வளவென்று கிடைப்பது ஒரு துண்டு நிலம். ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான) செங்குத்து ஆன்டெனாக் கம்பத்துக்கும் வீட்டு நாய்க்கும் அதே இடம்தான். ‘தொடாதே’ என்று போர்டு மாட்டலாம், அது வாசிக்கப் போவதில்லை.

14 மெகாஹெர்ட்ஸுக்கான கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால்பங்கு உயரமுள்ளது) ஏறக்குறைய 5 மீட்டர் உயரம். 100 வாட்டில் அனுப்பும்போது அதன் அடியில் 60 வோல்ட் அளவே இருக்கும்; உயர் மின்னழுத்தம் உச்சியில். ஆனால் தரைக்கு மேலே தூக்கிக் கட்டிய ரேடியல் வயர்களின் (கம்பத்தின் அடியிலிருந்து சுற்றிலும் பரப்பும் வயர்கள்) நுனியிலும் பல நூறு வோல்ட் வரலாம். பூனை மூக்கை வைத்தால் சுட்டுவிடும். அடியில் ஃபீட் (ரேடியோவின் மின்சக்தி) கொடுக்கும் அரை அலை ஆன்டெனா இன்னும் மோசம், அடியிலேயே 500 வோல்ட்டைத் தொடும். பிராணிகள் உள்ள வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

ரேடியல்களை யூ வடிவக் கம்பியால் புல்லோடு ஒட்டக் குத்திவிடுங்கள். கம்பத்தின் அடியில் ஒன்றரை மீட்டருக்கு பி.வி.சி. பைப் போர்த்துங்கள். ஆண் நாய் காலைத் தூக்குவதும் அங்கேதானே! போர்த்தியபின் எஸ்.டபிள்யூ.ஆரை (ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவை) மறுபடி பாருங்கள், சற்று நகர்ந்திருக்கும். ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளும் பைப்புக்குள் போகட்டும், குட்டிகள் கடித்துவிடும்.

கம்பம் சரிந்தாலும் 230 வோல்ட் லைனில் படாத தூரம் கட்டாயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். வானம் கறுக்குமுன் கேபிளைக் கழற்றி, நாயையும் உள்ளே கூப்பிடுங்கள்.