பக்கத்து வீட்டு வேலையில் மிஷின் உடைந்தால்: காசு பேசும் முன் செய்ய வேண்டியவை

மிஷினைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வருவார். இரண்டடி பின்னால், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இன்னொருவர். பார்த்ததுமே தெரிந்துவிடும், இது இரவல் கேஸ். மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுவதும் டிரில், கட்டிங் மிஷின், பம்பு பழுது பார்ப்பதும் என் தொழில். மேஜையில் மிஷினை வைத்ததும் கேட்பார்கள்: "யார் மேல தப்புன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பல நேரம் சொல்ல முடியும். ஆனால் அதற்குள் இருவரும் வழியிலேயே பேசக்கூடாததையெல்லாம் பேசி முடித்திருப்பார்கள். காசு பேசுவது கடைசி வேலை. எதனால் போனது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இந்த வரிசை மாறினால் பத்து நிமிஷத்தில் தீர வேண்டியது பத்து வருஷம் இழுக்கும்.

நின்றுபோன அந்த நிமிஷத்தில்

சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். யாருக்காவது அடி பட்டிருந்தால் மிஷின் கிடக்கட்டும், ஆளைக் கவனியுங்கள். அடி இல்லை என்றால், "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்ற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். நான் பார்க்கிற பெரிய சேதமெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டாவது தடவையில் வந்ததுதான். காயில் மேல் பூசிய வார்னிஷ் கருகும் வாசனை வந்திருக்கும். ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். சுழலும் பாகத்துக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷோடு போயிருக்க வேண்டியது, அந்தச் சுழலும் பாகமான ஆர்மெச்சூரையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் நின்றது தற்செயலாக இருக்கலாம். வாசனை வந்த பிறகும் ஓட்டினால் அது ஓட்டியவர் கணக்கு.

உடைந்த துண்டு இருந்தால் ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு கவரில் போடுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதீர்கள், உரசினால் தடயம் அழியும். துணியால் துடைக்கவும் வேண்டாம். ஸ்க்ரூவில் கை வைக்கவே வேண்டாம். வாரண்டி இருந்தால் அதற்கே சிக்கல் வரலாம். வாரண்டி இல்லாவிட்டாலும் "நீ கழட்டினதாலதான் போச்சு" என்ற பேச்சு வரும்.

அப்புறம், அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். சொல்கிற விதம் முக்கியம். "அது தானா நின்னுடுச்சு" என்று ஆரம்பித்தீர்களோ, முடிந்தது. அந்த "தானா" என்ற ஒரு சொல்லிலிருந்து கிளம்பிய சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சொல்லலாம்: "அண்ணே, உங்க டிரில் என் கையில ஓடும்போது நின்னுபோச்சு. கருகின வாசனை வந்துச்சு, உடனே ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோறேன், நீங்களும் கூட வாங்க." நடந்ததை மட்டும் சொல்கிறீர்கள். தப்பை ஒத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. பேசாமல் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

மிஷின் சொல்லும் சாட்சி

ஒரு கைப்பிடியோ, சுழலும் தண்டான ஷாஃப்டோ முறிந்தால் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகம் முழுவதும் ஒரே மாதிரி பளபளப்பாக, புதிதாக இருந்தால் ஒரே அடியில் முறிந்திருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் கறுத்தோ துருப்பிடித்தோ இருந்து மற்ற பகுதி பளிச்சென்று இருந்தால், அந்தக் கறுத்த பகுதி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த இடம். சில நேரம் அதில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடு போல வளைவு வளைவாகத் தடம் தெரியும். அந்த விரிசல் ஒவ்வொரு தடவை ஓடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. கடைசியாகப் பிடித்தவர் கையில் முறிந்தது, அவ்வளவுதான். ஒருமுறை ஒரு கலவை மிஷினின் ஷாஃப்ட் வந்தது. பார்த்தால் முக்கால்வாசி முகம் துரு, கால்வாசிதான் புது உடைசல். இரவல் வாங்கிய தம்பியோ முழுக் காசையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். உடையவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரே அந்தக் காசைத் திருப்பித் தம்பியின் பையில் வைத்தார்.

காயிலும் இப்படித்தான் பேசும். சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது: தாங்காத வேலை கொடுத்திருக்கலாம், காற்றுத் துளைகள் தூசியில் அடைத்திருக்கலாம், எக்ஸ்டென்ஷன் வயர் மெலிதாக இருந்திருக்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருகி மற்ற கம்பியெல்லாம் நிறம் மாறாமல் இருந்தால், அங்கே கம்பியின் மேல்காப்பான இன்சுலேஷன் முன்பே பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம். முதல் வகைக்கு ஓட்டியவரிடம் கேள்வி கேட்கலாம், இரண்டாவதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த மெலிந்த வயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மிஷின் நம்முடையது, வயர் பக்கத்து வீட்டினுடையது என்கிற நிலைமை அடிக்கடி வரும். நீளமான மெல்லிய வயரில் வோல்டேஜ் குறையும். மோட்டார் திணறும், உள்ளே விசிறி மெதுவாகும், சூடு வெளியேறாது. நாமோ வேகம் போதவில்லை என்று இன்னும் அழுத்துவோம். சுருளில் சுற்றிய வயரைப் பிரிக்காமல் ஓட்டினால் வயரே சூடாகி உருகும். இங்கே மிஷின் போனதற்குப் பாதிக் காரணம் வயர், மீதி அதைப் பார்த்தும் சொருகிய நாம்.

யார் கை, யார் வேலை

எதனால் போனது என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்வி.

அவருடைய மிஷின், அவருடைய வேலை, உங்கள் கை என்றால்: ஒழுங்காகப் பிடித்திருந்தால் நஷ்டம் அவருடையது. உதவிக்குப் போனவரிடம் காசு கேட்பது நியாயமில்லை என்பது என் கட்சி. இது புதிய யோசனை ஒன்றுமில்லை. விவிலியத்தில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் இரவல் வாங்கிய மாட்டுக்கே கணக்கு இருக்கிறது. உடையவன் கூட இல்லாதபோது மாடு செத்தால் வாங்கியவன் ஈடு கட்ட வேண்டும். உடையவன் கூடவே இருந்திருந்தால் வேண்டாம். வாடகைக்கு எடுத்திருந்தால் நஷ்டம் வாடகையோடு போயிற்று. உடையவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதை இன்றைக்கும் முதலில் கேட்கலாம்.

ஆனால் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றால் பேச்சே மாறும். என் கதையையே சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவின் தோட்டத்தில் புல் மண்டிக் கிடந்தது. அவர்களிடமே புல் வெட்டும் மிஷின் இருந்தது, வெட்டத்தான் ஆள் இல்லை. நான் போனேன். டேங்க் காலி. வெறும் பெட்ரோலை ஊற்றி இழுத்துவிட்டேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அது, பெட்ரோலோடு ஆயில் கலந்தால்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு. கொஞ்ச நேரத்தில் சத்தம் மெலிந்து கீச்சென்று ஒரு குரல், அப்புறம் கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிரித்தால் பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டினது போல நீள நீளமாகக் கோடு. காயில்காரனுக்கு இன்ஜின் தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் டேங்க் மூடியிலேயே 50:1 என்று எழுதியிருந்தது, லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்று அர்த்தம். "பரவாயில்ல தம்பி, பழசுதானே" என்றார் அக்கா. பிஸ்டனும் சிலிண்டரும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். படிக்க வேண்டியதைப் படிக்காமல் விட்டது நான்.

உங்கள் மிஷினை எடுத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால்: சாதாரணத் தேய்மானம் உங்களுடையது. பிளேடு, டிரில் பிட், டிஸ்க், கார்பன் பிரஷ் எல்லாம் கரைவதற்கென்றே இருப்பவை. ஆனால் அவர் வேலைக்காகவே ஒரு டிஸ்க் முழுவதும் தீர்ந்தால், புது டிஸ்க் வாங்கித் தருவது அவர் பக்கத்து மரியாதை. நீங்களாகக் கேட்காதீர்கள். அவராகவும் தரவில்லை என்றால் அடுத்த முறை "டிஸ்க் மட்டும் நீங்க வாங்கி வைங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சிக்கல், மறைந்திருக்கும் பொருளால் வருவது. எனக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்து வீட்டில் சாய்ந்த மரத்தை அறுக்கத் தன் செயின்சாவைக் கொண்டுபோனார். பாதி அறுத்ததும் தீப்பொறி. செயினின் பல் வரிசையாக மழுங்கிவிட்டது. மரத்துக்குள் ஆணி. என்றைக்கோ துணிக்கொடி கட்ட அடித்தது, பட்டை வளர்ந்து மூடிவிட்டது. அறுத்த முகத்தில் ஆணியைச் சுற்றி மை கொட்டினது போல நீலக் கறுப்பு, மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற கறை. ஆணி அடித்ததே வீட்டுக்காரருக்கு மறந்துபோயிருந்தது. இங்கே யார் மேலும் தப்பில்லை, ஆனால் ஆணி அவர் மரத்தில் இருந்தது. புதுச் செயின் அவர் வாங்கித் தந்தார், சரியென்றுதான் எனக்கும் பட்டது. மறக்காமல் இருந்து, தெரிந்தே சொல்லாமல் விட்டிருந்தால் வேறு கதை. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இதற்கு வழி இருக்கிறது: பழுது என்று தெரிந்தே பாத்திரத்தை இரவல் கொடுத்து, அதில் ஊற்றிய மதுவோ எண்ணெயோ சிந்திப் போனால் கொடுத்தவன்தான் பொறுப்பு. சுவருக்குள் பைப் எங்கே போகிறது என்று தெரிந்தும் சொல்லாத வீட்டுக்காரருக்கும் இதே கணக்குத்தான்.

அலுவலக மிஷினையோ, வேறொருவரிடம் வாங்கிய மிஷினையோ கொண்டுபோய் உதவி செய்யாதீர்கள். உடைந்தால் மூன்றாவது ஆள் வந்து நிற்பார், அவருக்கு உங்கள் உதவியைப் பற்றிக் கவலை இல்லை.

எவ்வளவு கொடுப்பது

பழைய மிஷினுக்குப் புது மிஷின் விலை கொடுக்க வேண்டியதில்லை. பத்து வருஷம் உழைக்கக்கூடியது ஏழு வருஷம் ஓடியிருந்தால் போனது மிச்சம் மூன்று வருஷம், அதாவது பத்தில் மூன்று பங்கு. பழுது பார்க்க முடிந்தால் பழுதுச் செலவு மட்டும். பழுதுச் செலவு அந்தப் பங்கைத் தாண்டினால் இரண்டில் குறைந்ததைப் பேசுங்கள். பேரிங்கும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று உடையவர் சொன்னால் பேரிங் அவர் கணக்கு. காரணம் தெளிவாகத் தெரியாத கேஸில் பாதிப் பாதி என்று முடித்துவிடுங்கள். மேலே ஆராய்ந்துகொண்டிருப்பது மிஷினை விடச் செலவு.

இதையெல்லாம் முன்கூட்டியே ஒரு வாக்கியத்தில் தவிர்க்கலாம். வேலை தொடங்கும் முன் இருவரும் சேர்ந்து மிஷினை ஒரு நிமிஷம் சும்மா ஓட்டிப் பாருங்கள், வயரில் வெட்டு இருக்கிறதா, கைப்பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். அப்போதே, "ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரும் போய் காட்டிட்டுப் பேசிக்கலாம்ணே" என்று சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். உடைந்த பிறகு சொல்வதை விடக் கூச்சம் குறைவு.

பழுது பார்த்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது பழைய பிரஷ், பழைய பேரிங், பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். வாசலிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். உள்ளே போய், அவர் முன்னால் பிளக்கைச் சொருகி, அவர் கையிலேயே சுவிட்சைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள்.