விவாகரத்தை சமரச மையத்தில் பேசி முடிப்பது எப்படி? வேலூர் மாவட்டத்தாருக்கு ஒரு செய்முறை

"சமரச மையத்துக்குப் போனா சேர்ந்து வாழச் சொல்லி அனுப்பிடுவாங்க" என்று நம் பக்கத்தில் ஒரு எண்ணம் இருக்கிறது. சேர வழி உண்டா என்று முதலில் கேட்பார்கள்தான். முடியாது என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டால், பணம், நகை, பிள்ளை, வீடு, ஏற்கெனவே போட்ட வழக்குகள் என்று பிரிவதற்கான பேச்சு தொடங்கிவிடும். வருடக்கணக்கில் வாய்தா வாங்கி அலைகிற தம்பதிகளில் பலருக்கு விவாகரத்தில் தகராறே இருக்காது. இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் சிக்கிக்கொண்டிருப்பார்கள். வக்கீலாக நான் பார்த்த அளவில், காரியத்தை முடித்துக் கொடுப்பவை இரண்டு: அறைக்குள் போகும் முன் நீங்கள் எழுதும் பட்டியலும், வெளியே வரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தமும். அவற்றைக் கொஞ்சம் நீட்டியும் மற்றதைச் சுருக்கியும் சொல்கிறேன்.

படி 1: பஞ்சாயத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரையும் குத்தி வாங்கிக்கொண்டு, விவாகரத்து முடிந்துவிட்டது என்று நம்பி வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததையே தீர்ப்பு மாதிரி பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. அந்தத் தாளால் திருமணம் முறியாது. இந்து திருமணச் சட்டம், 1955-ன் 29-வது பிரிவு சமூக வழக்கப்படியான மணமுறிவை ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் நடக்கிற காரியமில்லை. அந்தத் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாமல் போவதோடு இருதார மணக் குற்றமும் சேர்ந்துகொள்ளும்.

சமரச மையம் நீதிமன்றத்தோடு இணைந்தது. இந்தியாவில் இப்படி ஒரு மையம் முதன்முதலாகத் தொடங்கியது 2005-ல், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். அங்கே உட்காரும் சமரசர் பயிற்சி பெற்றவர், பெரும்பாலும் வக்கீல். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நீங்கள் ஒத்துக்கொண்டதை எழுத்தாக்கி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். முறிவு என்பது அதற்குப் பிறகு நீதிபதி கையால் வருவது.

படி 2: உங்கள் வழக்கு இதற்குப் பொருந்துமா என்று பாருங்கள்

இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போட, ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதுதான் கணக்கு. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தாலும் அது பிரிந்து வாழ்வதாகலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுயமரியாதைத் திருமணமும் இதே சட்டத்துக்குள் வரும். பதிவுத் திருமணமாகச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கும் ஒரு வருடம்தான். கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் இரண்டு வருடம் என்று எழுதியிருக்கிறது. முஸ்லிம் தம்பதிகள் முபாரத் முறையில் இருவர் சம்மதத்தோடு பிரியலாம். மனைவி தானாகக் கேட்டுப் பெறும் மணமுறிவான குலாவைக் கேட்கும்போது அதற்கான சான்றிதழை ஜமாஅத்தோ தனியார் ஷரீயத் அமைப்போ தர முடியாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் கூறியது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்தார் இதைக் கவனத்தில் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடி, மிரட்டல் இருக்கும் வீடு என்றால் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்ளாதீர்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டம், 2005-ன்கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அதற்கு அப்புறமும் பேச விருப்பம் இருந்தால், இருவரையும் தனித்தனி அறையில் வைத்துப் பேசும்படி முதல் நாளே சமரசரிடம் கேளுங்கள். பயந்துகொண்டு போடுகிற கையெழுத்து யாருக்கும் உதவாது.

படி 3: எங்கே போவது

வழக்கு இன்னும் போடவில்லை என்றால், சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத்தாளில் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம். திருமணம் எப்போது, எங்கே நடந்தது, எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். கூடவே ஆதார் நகல், திருமணச் சான்று அல்லது பத்திரிகை, எதிர்த் தரப்பின் சரியான முகவரியும் கைபேசி எண்ணும். அவர்கள் மறுதரப்புக்கு அறிவிப்பு அனுப்பி அழைப்பார்கள்.

2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் எந்த நீதிமன்றம், எந்த அலுவலகம் என்று ஒருமுறை விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. இலவச சட்ட உதவி எண் 15100-ல் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் தரும் உரிமை அது.

வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் இன்னும் சுலபம். "மீடியேஷனுக்கு அனுப்பக் கேளுங்க" என்று உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், அல்லது நீதிபதி கூப்பிடும்போது நீங்களே சொல்லுங்கள். குடும்ப வழக்குகளில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் குடும்ப நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் சமரசத்துக்கு உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள். யாராவது "சமரசருக்குக் கொடுக்கணும்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

பெங்களூரிலோ சென்னையிலோ கணவர் இருந்தாலும், மனைவி வேலூரில் வசித்தால் இங்கேயே மனு போடலாம். ராணுவத்தில் இருப்பவர் என்றால் வீடியோவில் கலந்துகொள்ள அனுமதி கேளுங்கள். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவக் குடும்பங்கள் நிறைந்த ஊர் இருக்கும் மாவட்டம் இது, வருட விடுப்புக்காக வழக்கு காத்துக்கிடக்கக் கூடாது.

படி 4: போகும் முன் மூன்று பட்டியல்

இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

முதல் பட்டியல் நகையும் சீரும். எத்தனை சவரன், யார் போட்டது, இப்போது யாரிடம் இருக்கிறது, எது அடகில் இருக்கிறது, ரசீது யார் கையில். பெண் வீட்டார் பெண்ணுக்குப் போட்டது ஸ்ரீதனம், அது அவளுடையது. இதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போட்ட செயின், மோதிரத்தைத் தனியாக எழுதுங்கள். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் பாதி சண்டை அங்கேயே தீரும், பில் இல்லாத நகைக்கு அதுதான் சாட்சி. பித்தளை அண்டாவுக்காக ஒரு அமர்வு முழுக்க வீணாவதைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம், கட்டிலுக்கெல்லாம் ஒரு மொத்தத் தொகை போட்டுவிட்டு நகருங்கள்.

இரண்டாவது பட்டியல் கடன். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மகளிர் குழுவில் மனைவி பெயரில் வாங்கி, கணவர் பைக்குக்குக் கட்டிய பணம் இருக்கும். மாமியார் ஜாமீன் போட்ட கடன் இருக்கும். தீர்ப்பு வந்த பிறகும் குழுவில் தவணை கேட்பது கடன் வாங்கியவரிடம்தான். யார் பெயரில் கடன், மீதி எவ்வளவு, இனி யார் கட்டுவது என்று எழுதுங்கள்.

மூன்றாவது, மாத வரவு செலவு. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எப்படியும் ஒருநாள் காட்ட வேண்டியதுதான், பேச்சிலேயே காட்டிவிடலாம்.

படி 5: அறைக்குள்

சமரசர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு விதிகளைச் சொல்வார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே பேசக்கூடாது. பிறகு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசுவார். தனியாகச் சொன்னதில் எதை மறுதரப்பிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். அங்கே பேசியது எதையும் பின்னால் வழக்கில் சாட்சியமாக்க முடியாது. முடிவு எட்டாவிட்டால் சமரசர் "முடியவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டும், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதக்கூடாது. இதுவும் உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. அதனால் "மூணு லட்சத்துக்கு ஒத்துக்கிட்டேன்னு அப்புறம் கோர்ட்ல சொல்லிடுவாங்களோ" என்ற பயம் வேண்டாம். கைபேசியில் பதிவு செய்யாதீர்கள்.

அண்ணன், தாய்மாமன், சித்தப்பா எல்லாம் வளாகத்து மரத்தடியில் இருக்கட்டும். அவர்களுக்கும் வருத்தம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே அவர்கள் வந்தால் பேச்சு கல்யாணத்தன்று பந்தியில் யாரை மதிக்கவில்லை என்பதற்குப் போய்விடும். தேவைப்படும்போது சமரசரே கூப்பிடுவார்.

படி 6: ஒப்பந்தத்தை எழுதுவது

"கணவர் மனைவிக்கு ஆறு லட்சம் தருவார்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: மொத்தம் ரூ. 6,00,000, கையெழுத்தன்று ரூ. 1,50,000, கூட்டு மனு தாக்கலாகும் அன்று ரூ. 1,50,000, மீதி ரூ. 3,00,000 வங்கி வரைவோலையாக, சம்மதத்தை உறுதி செய்ய இரண்டாம் முறை நீதிபதி முன் நிற்கும் நாளில், நீதிமன்றத்திலேயே. பணத்தைக் கட்டங்களோடு கட்டிவிட்டால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை, வாங்குபவருக்கும் நம்பிக்கை. தவணை தவறினால் என்ன என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

பிள்ளை விஷயத்திலும் அப்படியே. "அப்பா வந்து பார்க்கலாம்" என்பது போதாது. மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறு, காலை 10 முதல் மாலை 5 வரை, காட்பாடி ரயில் நிலைய வாசலில் ஒப்படைப்பது, அங்கேயே திரும்ப வாங்குவது என்று எழுதுங்கள். கோடை விடுமுறையில் எத்தனை நாள், பொங்கலுக்கு யார் வீட்டில், வள்ளிமலை ஆடிக் கிருத்திகைக்கு யார் கூட்டிப் போவது, பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து. படிப்புச் செலவு ஒவ்வொரு ஜூனிலும் எவ்வளவு ஏறும் என்பதையும் சேருங்கள். மனைவி தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தாலும் பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. "ஒண்ணும் வேணாம், பையனை மட்டும் குடுங்க" என்று சொல்லிக் கையெழுத்திடும் தாய்மார்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

வீடோ மனையோ கைமாற வேண்டுமானால் தீர்ப்புக்கு முன்பே பதிவை முடிப்பது பற்றி வக்கீலிடம் கேளுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி அல்ல.

நடப்பில் உள்ள வழக்குகளை எண்ணோடு எழுதுங்கள்: எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்டத்தில் போட்ட மனு), ஜீவனாம்ச மனு, குடும்ப வன்முறை மனு, எது எப்போது வாபஸ். வரதட்சணைக் கொடுமை வழக்கு மட்டும் தனி. அதை இருவரும் பேசி வாபஸ் வாங்க முடியாது, சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு ரத்து செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது, மனைவி எந்தத் தேதிக்குள் சம்மதப் பிரமாணப் பத்திரம் தருவார் என்பதை விட்டுவிட்டால், விவாகரத்து ஆன பிறகும் கணவர் வீட்டார் குற்றவியல் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டே இருப்பார்கள்.

கையெழுத்துக்கு முன் தமிழில் ஒருமுறை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தால் அதற்காகவே கேட்க வேண்டும். சமரசர் உங்கள் வக்கீல் அல்ல, அதனால் உங்கள் வக்கீலும் ஒருமுறை பார்க்கட்டும்.

படி 7: நீதிபதி முன்

ஒப்பந்தம் நீதிமன்றம் போகும், கூட்டு மனு தாக்கலாகும், இருவரும் ஆஜராக வேண்டும். மனு போட்டதிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்தால் முடியும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும் முன்பே மொத்தம் ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சேர்த்துவைக்கும் முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், பணமும் பிள்ளையும் தீர்ந்திருக்க வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள். சமரச ஒப்பந்தம் கையில் இருந்தால் இதைக் கேட்பது எளிது. இடையில் ஒருவர் மனம் மாறினால், தீர்ப்புக்கு முன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தது அதற்காகவும்தான்.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் அட்டையில் பெயர் நீக்க ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று என்று கேட்பார்கள். வருங்கால வைப்பு நிதி, எல்.ஐ.சி. பாலிசி, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று அந்த வாரமே பாருங்கள். தீர்ப்பு அதை மாற்றாது, நீங்கள்தான் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும்.