மொட்டைமாடியில் ஒரு மண்தட்டு: பறவைகள் குளிப்பதையும் இறகு கோதுவதையும் படமெடுக்க

பறவை குளிக்கும் படம் என்றால் தண்ணீர் தெறிக்கும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நனைந்த பறவை பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து இறகு கோதும் வேலை பத்து நிமிடம்கூட நீளும். புதிதாகக் கேமரா பிடிப்பவர்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பத்து நிமிடம்தான். அதனால் தட்டு வைக்கும்போதே கிளைக்கும் இடம் பாருங்கள்.

தட்டும் கிளையும்

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டு, ஒன்றேகால் அடி அகலம், இரண்டு அங்குல ஆழம் இருந்தால் போதும். எவர்சில்வர், பிளாஸ்டிக் தட்டில் கால் வழுக்கும். பறவை விளிம்பில் நின்று குடித்துவிட்டுப் போகுமே தவிர உள்ளே இறங்காது. ஒரு பக்கம் ஓட்டுச் சில்லு முட்டுக் கொடுத்துச் சற்றே சாய்த்து வையுங்கள். ஆழமில்லாத ஓரத்தில் சின்னப் பறவையும் ஆழமான பக்கத்தில் மைனாவும் இறங்கும்.

தண்ணீரை தினமும் மாற்றி, தட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு கூடாது, மிச்சமிருந்தால் இறகின் எண்ணெயை எடுத்துவிடும். நாலு நாள் அப்படியே விட்டால் கொசுப்புழு நெளியும். காகம் எலும்பு, காய்ந்த ரொட்டியெல்லாம் கொண்டுவந்து ஊறப்போடும்; அன்றைக்கு இரண்டு முறை கழுவ வேண்டியிருக்கும்.

தட்டை இரண்டடி உயர ஸ்டூலில் வையுங்கள். செடித்தொட்டிகள் ஆறு முதல் எட்டு அடி தள்ளி இருக்கட்டும். நனைந்த பறவையால் சட்டென்று எழும்பிப் பறக்க முடியாது. தொட்டி பக்கத்தில் இருந்தால் பூனைக்கு வசதி.

கட்டைவிரல் தடிமனில் காய்ந்த வேப்பங்கிளை ஒன்றை, மணல் நிரப்பிய பெயிண்ட் வாளியில் நட்டு, தட்டுக்கு இரண்டடி பக்கவாட்டில் நிறுத்துங்கள். தட்டும் கிளையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் இடம் மாறி உட்கார வேண்டியதில்லை. பின்னால் வெள்ளையடித்த கைப்பிடிச்சுவர் பளீரென்று தெரிகிறதா? மங்கிய பச்சைப் புடவை ஒன்றை அதன்மேல் விரித்துவிடுங்கள். சுவர் கிளையிலிருந்து பத்தடி தள்ளி இருந்தால் மடிப்பெல்லாம் கரைந்து தோட்டம்போல் தெரியும்.

உட்காரும் இடம்

மாடிப்படி அறைக் கதவில் கருநிறத் துணி கட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கிராப் சென்சார் (சற்றே சிறிய சென்சார்) கேமராவில் 250 மி.மீ. லென்ஸுக்கு 12, 13 அடி தூரம் சரி. 300-க்கு 15 அடி. இன்னும் நெருங்கினால் சிறகை விரிக்கும்போது நுனி வெட்டுப்படும். லென்ஸ் தட்டின் விளிம்பு உயரத்தில் இருக்கட்டும். முதல் நாலு நாள் கேமராவே வேண்டாம், பறவைகள் பழகட்டும்.

தெறிக்கும் நேரம்

காலை 7 முதல் 9 மணி வரை. வெயில் பறவைக்குப் பின்பக்கம் சாய்வாக விழுந்தால் துளிகள் மின்னும். ஷட்டர் 1/2000 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) உச்சம் 3200, பர்ஸ்ட் மோட் (பட்டனை அழுத்திப் பிடித்தால் படங்கள் அடுத்தடுத்து விழும்). துளிகள் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.7 வரை குறையுங்கள்.

இங்கே வழக்கமாகச் சொதப்புவது ஃபோகஸ். சிறகடித்ததும் கேமரா கண்ணை விட்டுவிட்டு முன்னால் பறக்கும் துளியைப் பிடித்துக்கொள்ளும். பறவை விளிம்பில் நிற்கும்போதே ஒற்றை ஃபோகஸ் புள்ளியால் கண்ணில் ஃபோகஸ் செய்து, அதைப் பூட்டிவிட்டுப் படமெடுங்கள்.

இன்னொரு ஏமாற்றம்: வீட்டில் வந்து பார்த்தால் கண் பால்போல் வெளுத்திருக்கும். அது கேமராவின் கோளாறு இல்லை. பறவைக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. தண்ணீர் தெறிக்கும்போது அது கண்ணை மூடிக்கொள்கிறது. பத்து படம் எடுத்தால் இரண்டில் கண் திறந்திருக்கும், அதற்குத்தான் பர்ஸ்ட்.

கோதும் நேரம்

கொண்டைக்குருவியைக் கவனியுங்கள். முதலில் உடம்பை உதறும். பிறகு வாலை ஒருபுறம் சாய்த்து, வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்க்கும். அடுத்து ஒவ்வொரு சிறகிறகாக அடியில் கவ்வி நுனிவரை உருவும். பிரிந்து கிடந்த இழைகள் மறுபடி ஒட்டிக்கொள்வது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். உருவி முடித்து அலகு நுனியிலிருந்து விலகும் கணத்தில் தலை ஒரு நொடி நிற்கும். அழுத்த வேண்டியது அப்போது. 1/640 போதும்.

தலையை அலகால் எட்ட முடியாது, காலால்தான் சொறியும். அது மின்னல் வேகம், 1/1600-க்குப் போங்கள். தவிட்டுக்குருவிகளுக்கு அந்தச் சிரமமும் பாதி இல்லை. ஒட்டி உட்கார்ந்து, ஒன்று கண்மூடிக் கழுத்தை நீட்ட, மற்றது கோதிவிடும். இரண்டு தலையும் தெளிவாக விழ எஃப் 8 வையுங்கள்.

காகம், கரிச்சான் போன்ற கறுப்புப் பறவைக்கு எக்ஸ்போஷர் +0.7. இல்லாவிட்டால் இறகு விவரம் தெரியாமல் கரிக்கட்டையாக விழும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

சிட்டுக்குருவி வந்தால்

அதற்குத் தண்ணீரோடு மண்குளியலும் பிடிக்கும். இன்னொரு தட்டில் சலித்த காய்ந்த மணலை இரண்டங்குலம் நிரப்பி வையுங்கள். போனை மூன்றடி தள்ளிச் செங்கலில் சாய்த்து, ஸ்லோமோஷனில் ஓடவிட்டு விலகிவிடுங்கள். புழுதி எழும்பும் காட்சிக்குக் கேமராவைவிட அதுவே நல்லது. முடிந்ததும் லென்ஸை பனியன் நுனியால் துடைத்துவிடாதீர்கள். அந்த மணல்தூள் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) ஊதி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணி.