சாவி கைக்கு வராமல் வாடகை ஓடுமா?

ஆனி கடைசியில் மதுரையில் வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு தனி அவசரம் உண்டு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். அதற்குள் பால் காய்ச்சாவிட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான். நாங்களும் அப்படித்தான் ஓடினோம். வில்லாபுரம் பக்கம் மாடி வீடு, வாடகை 9000, ஜூலை 1 முதல் என்று ஒப்பந்தம். அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஜூன் 30 அன்று போய்ப் பார்த்தால், பழைய குடித்தனக்காரர் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். "பிள்ளைக்கு டிசி வாங்கணும் தம்பி, பத்து நாள் பொறுத்துக்கங்க" என்றார்.

சாவி எங்கள் கைக்கு வந்தது ஜூலை 14. மிச்சம் இருந்த மூன்று நாளில் சாமான் கட்டி முடியவில்லை. ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில போயி பால் காய்ச்சுறதா? ஊரு சிரிக்கும்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஆவணியில்தான் குடி போனோம். ஹவுஸ் ஓனர் ஜூலை 1-லிருந்து வாடகை கேட்டார். குடி போன நாளிலிருந்துதான் தருவோம் என்று நாங்கள் சொன்னோம். அப்புறம் சட்டம் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, இரண்டு பேர் சொன்னதும் தப்பு. அதே நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: நான்கு தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

அட்வான்ஸ் கொடுத்த தேதி, ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் தொடக்கத் தேதி, சாவி கைக்கு வந்த தேதி, பால் காய்ச்சிய தேதி. இந்த நான்கையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. அட்வான்ஸ் கொடுத்ததால் மட்டும் வாடகை ஓடத் தொடங்காது. பால் காய்ச்சுவது நமக்கும் சாமிக்கும் உள்ள விஷயம், ஓனருக்கு அதில் பங்கில்லை. கணக்குக்கு வருபவை நடுவில் உள்ள இரண்டு தேதிகள்தான்.

ஒப்பந்தத்தில் தொடக்கத் தேதியே எழுதாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 110-ஆவது பிரிவு: தேதி குறிப்பிடாவிட்டால் ஒப்பந்தம் எழுதிய நாளிலிருந்தே காலம் ஓடும். அதனால் 'வீடு ரெடியானதும் போட்டுக்கலாம்' என்று அந்த இடத்தை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது: தாமதம் யார் பக்கம்?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அதே சட்டத்தின் 108-ஆவது பிரிவு, வாடகைக்காரர் கேட்டால் வீட்டை அவர் வசம் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. பழைய ஆள் காலி செய்யவில்லை, பெயின்ட் அடித்து முடியவில்லை, போர் மோட்டார் ஓடவில்லை, அதனால் சாவி தரவில்லை என்றால் அது ஓனர் பக்கத் தாமதம். வீட்டையே ஒப்படைக்காமல் அந்த நாட்களுக்கு வாடகை கேட்பதில் நியாயம் இல்லை.

ஆனால் வீடு தயாராக இருந்து, "வந்து சாவி வாங்கிக்கங்க" என்று ஓனர் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து மீட்டர் ஓடுகிறது. நீங்கள் ஊரில் இல்லை, லாரி கிடைக்கவில்லை, ஆடி பிறந்துவிட்டது, எதுவாக இருந்தாலும் அது நம் பக்கத் தாமதம். எங்கள் கதையில் ஜூலை 1 முதல் 13 வரை ஓனர் கணக்கு, 14-லிருந்து எங்கள் கணக்கு. 'அவர் 1-ஆம் தேதியே கொடுத்திருந்தால் ஆடிக்கு முன்னால் போயிருப்போமே' என்று அம்மா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை வைத்துப் பேசிக் குறைக்கலாமே தவிர, உரிமையாகக் கேட்க முடியாது.

இன்னொன்று. 'கேட்டால்' என்று சட்டம் சொல்வதைக் கவனித்தீர்களா? நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் வேண்டும். ஒப்பந்தத் தேதியன்று காலையில் ஒரு வாட்ஸ்அப் போதும்: "சார், இன்று ஜூலை 1. சாவி வாங்க வந்தோம். முந்தைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்யவில்லை. சாவி தரும் தேதியைச் சொல்லுங்கள். அன்றிலிருந்து வாடகை கட்டுகிறோம்." அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை போட்டால் அதுவே பெரிய பலம்.

சில ஓனர்களே "ஆடியில வேணாம், ஆவணியில வாங்க" என்பார்கள். நல்லது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு வாடகை உண்டா, இல்லையா என்று அப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆடிக்கு முன்னால் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானைப் பைய ஏற்றும் வழக்கமும் இருக்கிறது. அதற்குச் சாவி வாங்கியாக வேண்டும், வாங்கினால் வாடகையும் ஓடும்.

பாதி வீடு மட்டும் கொடுத்தால்?

ஒரு ரூமில் ஓனரின் சாமான் கிடக்கிறது, "அடுத்த மாசம் எடுத்துர்றேன்" என்கிறார். கல்கத்தாவில் மூன்று படுக்கையறை வீட்டில் ஒரு அறையை ஒப்படைக்காத வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொத்த வாடகையையும் நிறுத்த முடியாது, அனுபவித்த அளவுக்கு விகிதப்படி கட்ட வேண்டும் என்று 1966-இல் தீர்ப்பு வந்தது. அதனால் முழுசாக நிறுத்திவிடாதீர்கள், குறைத்துக் கேளுங்கள்.

மூன்றாவது: குறைமாதக் கணக்கு

ஜூலை 14 முதல் 31 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 18 நாள். 9000-ஐ 31-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 5226 ரூபாய் வரும். 30-ஆல் வகுத்தால் 5400. வித்தியாசம் 174 ரூபாய்தான். இதற்காக முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். எந்தக் கணக்கு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் போதும். ஆடி மாத வாடகையைப் பாதியாக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம், ஓனர் அசையவில்லை. 5400-ஐக் கட்டினோம். ரசீதில் 'ஜூலை 14 முதல் 31 வரை' என்று எழுதி வாங்கினோம். ஆகஸ்டுக்கு முழு வாடகை.

வாடகை ஓடத் தொடங்கும் நாள் வேறு, கட்ட வேண்டிய நாள் வேறு. 'மாசம் 5-ஆம் தேதிக்குள்' என்று சொல்வார்கள். அது முடிந்த மாதத்துக்கா, வரும் மாதத்துக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது: ஒப்பந்தத்தில் இரண்டு வரி

டைப் செய்கிற கடையில் எல்லோருக்கும் ஒரே பதினொரு மாத மாதிரியைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதில் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

"வாடகை, வீட்டின் சாவி வாடகைதாரரிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்துக் கணக்கிடப்படும். ஜூலை 10-ஆம் தேதிக்குள் சாவி ஒப்படைக்கப்படாவிட்டால், வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தை முழுமையாகத் திரும்பப் பெறலாம்."

'அந்த நாளையும் சேர்த்து' என்பது வெறும் அலங்காரம் இல்லை. 'இன்ன தேதியிலிருந்து' என்று மட்டும் எழுதினால், காலக் கணக்கில் அந்த நாளை விட்டுவிட வேண்டும் என்பதும் 110-ஆவது பிரிவில் இருக்கிறது.

மதுரை மாநகராட்சி போன்ற நகர்ப்புறங்களுக்குத் தனியாக ஒரு சட்டமும் உண்டு. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டம். அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓனரிடம் இதைச் சொன்னால் வீடு கிடைக்காமல் போகலாம், அது வேறு கதை. ஆனாலும் பதிவை விட்டுவிடாதீர்கள். நாளைக்குத் தகராறு என்று போய் நின்றால் அந்தப் பதிவு எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடைசியாக, சாவி வாங்கும் நாள்

ஈபி மீட்டரை போனில் படம் எடுத்து, அங்கேயே நின்று ஓனருக்கு அனுப்புங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள். இடையில் குடி போனால் பழைய ஆள் ஓட்டிய ஃபேனும் உங்கள் பில்லில் வந்துவிடும். படத்தோடு சேர்த்து, "இன்று மாலை சாவி பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரியும் அனுப்பிவிடுங்கள். எங்களிடம் அந்த ஜூலை 14 செய்தி இருந்ததால்தான் பதிமூன்று நாள் வாடகையை விட்டுக்கொடுக்க ஓனர் கடைசியில் சம்மதித்தார்.