மாடிக் கறைக்குப் பெயின்ட் வாங்குவதற்கு முன்னால்

உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் பக்கம் கொத்தனார் வேலை பார்க்கிறேன். தை பிறந்தால் போதும், "மேலே கறுப்பு கறுப்பா இறங்கியிருக்கு, எந்த பெயின்ட் அடிக்கலாம்?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். பெயின்ட் கடைசி வேலை. கறை என்ன நிறம், எந்த இடத்தில் தொடங்குகிறது, அதை முதலில் பாருங்கள்.

கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து கோடு கோடாகக் கறுப்பு இறங்கினால் அநேகமாக அது பாசி. பச்சையாக இல்லையே என்பார்கள். நீலப்பச்சைப் பாசியில் ஒரு வகை, வெயிலைத் தாங்கத் தன்னைச் சுற்றிக் கரும்பழுப்பு உறை போட்டுக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை வாடை மழையில் வளர்ந்து, தையில் காய்ந்து கறுத்துக் கிடக்கும். அமெரிக்காவில் தார் ஓடு வேய்ந்த கூரைகளில் இறங்கும் கறுப்புக் கோடும் இதன் சொந்தம்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் கறையில் தடவுங்கள். கொஞ்ச நேரத்தில் வெளுத்தால் பாசி. அப்படியே இருந்தால் கரியோ துருவோதான். சீமைக்கருவேல விறகில் கரிமூட்டம் போடும் ஊர்களில் கரி படிவது சகஜம். ஈரமான வெள்ளைத் துணியில் மை போல ஒட்டும், சோப்புத் தண்ணீருக்கே போய்விடும்.

பாசி என்று தெரிந்தால் அதே பிளீச்சிங் தண்ணீரைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்புக் கரிப்பாக இருந்தால் அது வேண்டாம். மழைநீர்க் குழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறதென்றால், கழுவும் அன்று அதைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். இன்னொன்று, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: சீக்கிரம் வெளுக்கட்டும் என்று பிளீச்சிங்கோடு ஆசிட்டைச் சேர்க்காதீர்கள். கிளம்புகிற வாயு நுரையீரலைப் பொசுக்கும். ஆசிட்டைத் தனியாக ஊற்றினாலும் சிமென்ட்டை அரித்து, உப்பைக் கம்பி வரைக்கும் இறக்கும்.

கழுவினால் மட்டும் நிற்காது. பாசிக்கு ஈரம் எங்கிருந்து கிடைக்கிறது? மழை விட்டதும் மாடியில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். வாட்டம் (தண்ணீர் ஓடும் சரிவு) சரியில்லாத இடம் அதுதான். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டமாவது இருக்கட்டும். கைப்பிடிச் சுவரின் உச்சி உள்பக்கம் சரிந்திருந்தால் தெருப்பக்கச் சுவரில் கோடு விழாது. வேப்பிலை அடைத்த தூம்புக்கு (மாடித் தண்ணீர் வெளியேறும் குழாய்) அடியில் டீ நிறத்தில் ஒரு கறை வரும். அடைப்பை எடுத்தால் அந்தக் கதை முடிந்தது. நெத்திலி காயப்போடுகிறவர்கள், உப்பு தளத்தில் இறங்காமல் இருக்க, நேராகப் பரப்பாமல் கட்டில் மேல் போடுங்கள்.

உள்கூரையில் மழையே இல்லாத நாளில் ஈரத் திட்டு தெரிந்து, காற்று காய்ந்ததும் மறைகிறதா? அதை ஒழுக்கு என்று முடிவுகட்டி மாடியைக் கொத்த வேண்டாம். காரையில் இருக்கும் உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுக்கும். உப்பு ஊறிய பூச்சை எடுத்துவிட்டு, ஆற்று மணலிலோ கழுவிய எம்-சாண்டிலோ புதிதாகப் பூசுங்கள்.

இனி பழுப்புக் கோடு. கறுப்பு அழகைத்தான் கெடுக்கும். இது வீட்டையே கெடுக்கும். உள்கூரையில் கம்பி ஓடும் வரிசையிலேயே செம்பழுப்பாகத் தெரிந்தால் உப்புக்காற்று கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில் காரை பிளந்து விழும். கடற்கரைக் காற்று நேராகப் படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000). பழைய வீடுகளைக் கொத்திப் பார்த்தால் அரை அங்குலம்கூட இருக்காது. கடற்கரை மணலைக் கலந்து கட்டியிருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது.

சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். 'டங்' என்றால் கெட்டி, 'பொத்' என்றால் பிரிந்துவிட்டது. அந்த இடத்தின் மேல் பெயின்ட் அடிப்பதும் பட்டி பார்ப்பதும் நோயை மூடி வைப்பது. பிரிந்ததை முழுக்க எடுங்கள். கம்பியின் முதுகுப் பக்கம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்துங்கள். முன்பக்கத்தை மட்டும் சுரண்டினால் பின்னால் துரு ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி பளிச்சென்று தெரியும்வரை இரும்பு பிரஷ் போட்டு, ஜிங்க் பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு பாலிமர் கலவையால் அடைத்து, ஈரச்சாக்கு கட்டி நனையுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்த இடத்துக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், தொட்டிலும் கட்ட வேண்டாம்.