குன்றிமணியில் துளை போடாதீர்கள்

விதை, சிப்பி, இறகு என்று பொறுக்கி வந்து நகை செய்யக் கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே நினைப்புதான்: தரையில் கிடந்ததுதானே, யாருக்கு என்ன கெடுதல்? தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் குன்றிமணி. சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்போமே, அதுதான். தட்டான் தராசில் எடைக்கல்லாகவும் இருந்தது என்பதால் நகையோடு அதற்குப் பழைய உறவு. ஆனால் உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. விதையின் தோல் கெட்டி. முழுசாக விழுங்கிவிட்டாலும் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும் (அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்). நீங்கள் அதில் துளை போட்ட நிமிஷமே அந்தக் காவல் போய்விடுகிறது, கிளம்புகிற தூளும் மூச்சில் போகக் கூடாதது, அப்புறம் அந்த மாலை போய்ச் சேருகிற வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தால் அது முதலில் செய்வது மாலையை வாயில் வைத்துக் கடிப்பதுதான். சிவப்பு வேண்டுமென்றால் மஞ்சாடி மரத்து விதை இருக்கிறது. இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பழைய கணக்கு. கறுப்புப் பொட்டு இருக்காது, மரத்தடியில் தானாகக் கொட்டிக் கிடக்கும். அதுவும் பச்சையாகத் தின்கிற விதை இல்லை, ஆனால் குன்றிமணியோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம். கல் மாதிரி இருக்கும், வழுக்கும். மரத்துண்டில் சின்னக் குழி தோண்டி அதில் உட்கார வைத்து, 1 மி.மீ. டிரில் பிட்டால் அழுத்தாமல் துளையுங்கள்.

நான் ஏமாந்தது புளியங்கொட்டையில். கழுவி, இரண்டு நாள் வெயிலில் போட்டு, வார்னிஷ் அடித்துக் கோத்து அக்காவுக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, "என்னடா, பெட்டியெல்லாம் மாவு?" என்று போன். மணிக்கு மணி குண்டூசித் தலை அளவு ஓட்டை, ஓரத்தில் இரண்டு வண்டு. முட்டை உள்ளேயே இருந்திருக்கிறது, நான் மேலே பளபளப்பாக மூடிக் கொடுத்திருக்கிறேன். இப்போது காய்ந்த விதையைக் காற்றுப் புகாத கவரில் போட்டு ஒரு வாரம் ஃபிரீசரில் வைக்கிறேன். எடுத்ததும் கவரைப் பிரித்துவிடக் கூடாது; குளிர் முழுக்க விட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் விதைமேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

சிப்பியை வினிகரில் ஊறப் போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சிப்பி சுண்ணாம்புச் சத்து. நுரை வருவது அழுக்கு போவதால் அல்ல, சிப்பியே கரைவதால். தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். துளைக்கும்போது ஈரமாக வைத்துக்கொண்டு கைத்துளைப்பானால் துளையுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பொறுக்கும்போது சங்கை ஒரு நிமிஷம் மணலில் வைத்துவிட்டுப் பாருங்கள், துறவி நண்டு குடியிருந்தால் நடக்க ஆரம்பித்துவிடும். காலியாக இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளாதீர்கள், அடுத்த நண்டுக்கு வீடு வேண்டாமா?

பவளப்பாறைத் துண்டும் கடல் விசிறியும் (விசிறி மாதிரி விரிந்த ஒரு வகைப் பவளம்) வேறு கதை. இரண்டும் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செத்துக் கரை ஒதுங்கியதுதானே என்று கம்மல் செய்து விற்றால் மாட்டுவீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று உண்டு. அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில்.

மயிலிறகு? தானாக உதிர்ந்தது என்றால் உள்ளூரில் வைத்துக்கொள்ளலாம். துபாயிலிருந்து ஆர்டர் வந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஏற்றுமதிக்குத் தடை.